ஓடுபாதைக்கு 350 மீட்டர், கவுன்டருக்கு 40 நிமிடம்: விமான நிலையக் குத்தகை நிலம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு பெரிய பன்னாட்டு விமான நிலையத்தின் வேலியை ஒட்டி, ஓடுபாதைக்கு இணையாக 7 ஹெக்டேர் நிலம் பல ஆண்டுகளாகப் புதர் மண்டிக் கிடந்தது. நிலம் அரசுத் துறைக்குச் சொந்தம். விமான நிலையத்தை நடத்தும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனம் இந்த நிலத்தை வணிகக் கட்டடங்களுக்காக 26 ஆண்டுக் குத்தகைக்கு விட முன்வந்தது. குத்தகைக்கு எடுத்த நிறுவனத்தில் திட்டமிடலும் வாடகைதாரர்களோடு பேசுவதும் என் பொறுப்பு. தொடக்கம் முதல் ஆறாம் ஆண்டு வரை அங்கே நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ நிலையத்தின் பெயரோ இதில் இல்லை.

இப்படி நிலம் விடுவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உலக அளவில் விமான நிலையங்களின் வருமானத்தில் சுமார் 40 சதவீதம் தரையிறங்கு கட்டணம், பயணிகள் கட்டணம் போன்றவற்றில் இல்லாமல் கடைகள், வாகன நிறுத்தம், இட வாடகை ஆகியவற்றிலிருந்து வருகிறது. சும்மா கிடக்கும் நிலத்தை யாரும் சும்மா விடுவதில்லை.

எங்கள் முதல் திட்டம் இது: ஓடுபாதையைப் பார்த்தபடி 11 மாடி அலுவலகக் கட்டடம், அதன் பக்கத்தில் ஒரு ஹோட்டல், மிச்ச இடத்தில் பின்பக்கமாக ஒரு சரக்குக் கிடங்கு. கூட்டங்களில் ஃபிராங்பர்ட் விமான நிலையத்தின் ‘தி ஸ்கொயர்’ கட்டடத்தின் படத்தையும், ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் நிலையத்து அலுவலக வளாகத்தின் படத்தையும் காட்டினோம். ஃபிராங்பர்ட்டில் இருப்பது 660 மீட்டர் நீளக் கண்ணாடிக் கட்டடம். பார்த்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கட்டடம் ஒரு நெடுந்தூர ரயில் நிலையத்தின் தலைமேல் நிற்கிறது, ஸ்கிபோலிலும் வளாகத்துக்கு அடியிலேயே ரயில் வருகிறது என்பதை அந்தக் கூட்டங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் நிலத்தில் ரயில் கிடையாது. பேருந்துகூட முனையத்தோடு நின்றுவிடும்.

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: ‘ஓடுபாதையிலிருந்து 350 மீட்டர்’.

சரக்கு வாசலில் ஒன்பது இரவுகள்

கிடங்குக்கு யார் வருவார்கள் என்று தெரிந்துகொள்ள நானும் ஒரு சக ஊழியரும் சரக்கு முனையத்தின் லாரி வாசலில் ஒன்பது இரவுகள் நின்றோம். இந்த வேலையை யாரும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை. சந்தை நிலவர அறிக்கை ஒன்று கையில் இருந்தது. ஆனால் ஒரு லாரி எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு உள்ளே போகிறது என்ற விவரம் அதில் எங்கேயும் இல்லை.

இரவு 7 மணிக்கு மேல் வரிசை சேரத் தொடங்கும். 9 மணிக்கு வரிசையின் வால் பிரதான சாலைக்கு வந்துவிடும். ஏற்றுமதியாளர்களின் சரக்கை விமானத்தில் அனுப்பித் தரும் முகவர் அலுவலகங்களின் பையன்கள் கையில் காகிதக் கட்டோடு வரிசை நெடுக ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓட்டுநர்கள் கதவைத் திறந்து வைத்து, ஸ்டியரிங்கில் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்திருப்பார்கள். கழிவறை கிடையாது, சுவரோரம்தான்.

மூன்றாவது இரவு பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மருந்துப் பெட்டிகள் ஏற்றிய ஒரு லாரி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு. குளிர்சாதனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆவணத்தில் ஒரு எண் தவறாக இருந்ததால் ஆய்வுக்காகப் பின்கதவைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. பெட்டிகள் மேல் வெள்ளி நிறப் போர்வை. கூட வந்த பெண் ஊழியர் பெட்டியோரம் ஒட்டியிருந்த வெப்பமானியைக் கைபேசி வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தார். 7.1. கொஞ்ச நேரம் கழித்து 7.6. கதவு மூடியபோது 7.9. அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. மூச்சை மட்டும் விட்டார். அந்தப் பெட்டிகளை வைத்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு குளிர் அறை இருந்திருந்தால் அந்த லாரி அங்கே வரிசையில் நின்றிருக்கவே வேண்டாம்.

பேசிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவானது. ஒவ்வொரு விமானத்துக்கும் சரக்கு வாங்குவதை நிறுத்தும் நேரம் ஒன்று உண்டு. தொழிலில் அதைக் கட்-ஆஃப் என்பார்கள். உதிரிப் பெட்டிகளாகக் கொண்டுவந்தால் அதை முனையத்தில்தான் பேலட்டில், அதாவது விமானத்தில் ஏற்றும் தட்டையான பலகையில், அடுக்க வேண்டும், அதனால் கட்-ஆஃப் சீக்கிரமே வந்துவிடும். முகவரே தன் கிடங்கில் பேலட்டைக் கட்டி, எக்ஸ்ரே சோதனை முடித்து, முத்திரை வைத்துக் கொண்டுவந்தால் இன்னும் தாமதமாகவும் ஒப்படைக்கலாம். ஆனால் முகவர்களின் கிடங்குகள் எல்லாம் 25 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன. சாலையை நம்ப முடியாமல் எல்லோரும் மூன்று மணி நேரம் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்த மூன்று மணி நேரத்தைத்தான் வரிசையில் நின்று கழித்தார்கள்.

ஒரு முகவர் நிறுவனத்தின் மேலாளரிடம் எங்கள் விளம்பரத் தாளைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “ஓடுபாதை 350 மீட்டர், சரி. கவுன்டர் எத்தனை நிமிஷம்?”

முனையத்தில் சரக்கை ஒப்படைக்கும் கவுன்டரைத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் ஒரு லாரியை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தோம். நேர்க்கோட்டில் சரக்கு வாசல் 900 மீட்டர்தான். ஆனால் நடுவில் சாலைத் தடுப்பு. இடதுபக்கம் திரும்பி, பயணிகள் முனையத்தின் முன்னால் போய், அங்கே சுற்றித் திரும்ப வேண்டும்: 4.3 கிலோமீட்டர். பயணிகள் சாலையில் மாலை 5 முதல் 9 வரை கனரக வாகனங்களுக்குத் தடை. 9 மணி அடித்ததும் கிளம்பி வாசலைத் தொட 40 நிமிடம் ஆனது. தடை நேரத்தில் போகவே முடியாது. அதாவது, எங்கள் நிலத்தில் கிடங்கு வைத்திருப்பவர் 25 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரைவிடப் பெரிய வசதி எதையும் பெறப்போவதில்லை.

நாங்கள் இதுவரை அளந்ததெல்லாம் தூரம். நேரத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக அளந்தோம்.

தலைக்கு மேல் இருந்த கூரை

இதே மாதங்களில் உயரக் கணக்கும் வந்து சேர்ந்தது. ஓடுபாதையைச் சுற்றி வானத்தில் கண்ணுக்குத் தெரியாத பரப்புகள் இருக்கின்றன. அவற்றை எந்தக் கட்டடமும் துளைக்கக் கூடாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14ஆம் இணைப்பு இவற்றை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் விதிகளில் அதை எடுத்துக்கொள்கிறது. நாங்கள் வேலை செய்த காலத்தில் எங்கள் ஓடுபாதைக்கு இருந்த கணக்கு இப்படி:

ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து 150 மீட்டர் வரை பாதுகாப்புப் பட்டை. அங்கிருந்து பக்கவாட்டில் 14.3 சதவீதச் சரிவில், அதாவது ஏழு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில், ஒரு பரப்பு மேலே ஏறும். 45 மீட்டர் உயரத்தைத் தொட்டதும் அது தட்டையாகிவிடும். அந்தத் தட்டைப் பரப்பு 4 கிலோமீட்டர் ஆரத்துக்குப் போய், அதன்பின் 5 சதவீதச் சரிவில் மறுபடி ஏறும்.

எங்கள் நிலத்தின் முன் எல்லை நடுக்கோட்டிலிருந்து 350 மீட்டர். 350-இல் 150 போனால் 200, அதில் 14.3 சதவீதம் 28.6 மீட்டர். 28.6 மீட்டர் கிடைக்கும் என்று எங்கள் கட்டடக் கலைஞர் நினைத்தார். ஆனால் இந்த உயரத்தை ஓடுபாதையின் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், எங்கள் தரையிலிருந்து இல்லை. எங்கள் நிலம் ஓடுபாதையைவிட 6 மீட்டர் மேடு. அப்படியானால் 22.6 மீட்டர்தான். பின் எல்லையில், 600 மீட்டரில், தட்டைப் பரப்பின் 45-இல் 6 போக 39 மீட்டர். 11 மாடிக்குத் தேவைப்பட்டது 44 மீட்டர். லிஃப்ட் இயந்திர அறை, நீர்த்தொட்டி, இடிதாங்கி எல்லாம் சேர்த்தால் 50-ஐத் தாண்டும். இவை எல்லாமே உயரக் கணக்கில் வரும். கூரைமேல் வைக்கும் பெயர்ப்பலகைகூட வரும்.

ஓடுபாதையைப் பார்த்தபடி உயரமான கட்டடம் என்ற யோசனை அன்றோடு போனது. காட்சி எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கூரை தாழ்வாக இருந்தது.

குத்தகையில் மிச்சமிருந்த ஆண்டுகள்

மூன்றாவது பிரச்சினை ஒப்பந்தத்தில் இருந்தது. விமான நிலையத்தை நடத்தும் நிறுவனத்துக்கே மிச்சம் 27 ஆண்டுகள்தான். அவர்கள் எங்களுக்குத் தந்தது 26. அனுமதி, கட்டுமானம் எல்லாம் போக வாடகை ஈட்டும் காலம் 22, 23 ஆண்டுகள். 26ஆம் ஆண்டு முடிவில் கட்டடங்கள் இலவசமாக அவர்களிடம் போய்ச் சேரும். கடன் கொடுக்கும் வங்கிக்கு இது போதும். ஆனால் குளிர் அறைகள், உருளைத் தளம், எக்ஸ்ரே இயந்திரங்கள் என்று சொந்தச் செலவில் போடப்போகும் ஒரு வாடகைதாரர் 12 ஆண்டும் அதற்கு மேல் 6 ஆண்டு நீட்டிப்பும் கேட்பார். ‘நடத்தும் நிறுவனத்தின் உரிமை நடுவில் ரத்தானால் எங்கள் கதி என்ன?’ என்றும் கேட்பார். கேட்டார்கள்.

இன்னொரு ஷரத்தும் இருந்தது. விமான நிறுத்துமிடத்தை விரிவாக்கத் தேவைப்பட்டால், முன்பக்கத்து 60 மீட்டர் அகலப் பட்டையை 12 மாத அறிவிப்பில் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. முதல் வரைபடத்தில் ஹோட்டல் நின்றது சரியாக அந்தப் பட்டையில்.

எடுத்த முடிவுகள்

முதல் ஆண்டின் கடைசியில் வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். எங்கள் நிறுவனத்தின் தலைவருக்கு இது எளிதாக இல்லை. 11 மாடிப் படத்தை அவர் பலரிடம் காட்டியிருந்தார். ஆனால் ஒன்பது இரவுகளின் குறிப்பேட்டை முழுவதும் படித்துவிட்டு, அவரே ஒரு இரவு வாசலுக்கு வந்து நின்றார். அதன்பின் விவாதம் சுருங்கிவிட்டது.

முதல் முடிவு, சரக்குக் கட்டடத்தை முன்னிறுத்துவது. அலுவலகம் நான்கு மாடியாகக் குறைந்து பின்பக்கம் போனது. ஹோட்டல் இருக்கட்டும், ஆனால் நாங்கள் கட்டுவதில்லை. தரையை மட்டும் ஒரு ஹோட்டல் நிறுவனத்துக்கு உள்குத்தகைக்கு விடுவது.

இரண்டாவது, சாலை. நிலத்தின் வடக்கு எல்லை வழியாகச் சரக்கு வாசலுக்கு நேரடியாக ஒரு இணைப்புச் சாலை வேண்டும் என்று கேட்டோம். நடத்தும் நிறுவனம் கட்டித் தர ஒப்புக்கொண்டது. எப்போது என்று எழுதித் தரத்தான் தயங்கியது. எட்டு வாரம் பேசினோம். கடைசியில் ஒப்பந்தத்தில் ஏறிய வரி இது: குத்தகைப் பணம் நிலத்தை ஒப்படைத்த நாளிலிருந்து ஓடாது, இணைப்புச் சாலையில் முதல் லாரி போகும் நாளிலிருந்துதான் ஓடும். இந்த ஆறு ஆண்டுகளில் நாங்கள் எழுதிய வரிகளிலேயே மதிப்பானது இதுதான்.

மூன்றாவது, 60 மீட்டர் பட்டையில் கட்டடம் எதுவும் வேண்டாம். லாரி நிறுத்தமும் திரும்பும் இடமும் மட்டும். எடுத்துக்கொண்டால் தார்த்தளம் போகும், வாடகைதாரர் போகமாட்டார்.

நான்காவது, நிலத்தின் சொந்தக்காரரான அரசுத் துறையோடு ஒரு நேரடி ஒப்பந்தம். நடத்தும் நிறுவனத்தின் உரிமை எந்தக் காரணத்தால் முன்கூட்டியே முடிந்தாலும், ஒழுங்காக வாடகை கட்டிவரும் உள்குத்தகைகள் அப்படியே தொடரும். வாடகையை வாங்கும் கை மட்டும் மாறும். இதற்கு ஏழு மாதம் ஆனது. இது இல்லாமல், எங்கள் கட்டடத்தில் குளிர் அறைகள் போட வந்த குளிர்பதன நிறுவனம் கையெழுத்துப் போட்டிருக்காது.

கட்டடத்துக்குள் இருந்த கணக்குகளும் மாறின. ஒரு பெரிய விமான பேலட் 3.18 மீட்டர் நீளம், 2.44 மீட்டர் அகலம். முழுச் சுமையோடு 6,800 கிலோ வரை இருக்கும். சாதாரணக் கிடங்குக்கான டாக்கும் (லாரி ஒட்டி நின்று சரக்கு ஏற்றி இறக்கும் மேடை) ஃபோர்க்லிஃப்டும் இதற்குப் போதாது. உருளைகள் பதித்த தளம், அதே உருளைத் தளம் உள்ள லாரி, இரண்டும் ஒரே மட்டத்தில் சேரும் டாக், இவை மூன்றும் வேண்டும். வாடகைக்கு விடும் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு டாக்குகளை இப்படி அமைத்தோம், மற்றவை சாதாரண டாக்குகள். சோதனை முடிந்த சரக்கும் முடியாத சரக்கும் கலக்காதபடி நடுவில் பூட்டுள்ள கம்பிவலைச் சுவர். சோதித்த சரக்கை ஒப்படைக்கும்வரை காவலில் வைத்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி.

அனுமதிகள்

சிறியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிலப்பரப்புக் கலைஞர் வரைந்த குளத்தையும் பழமரங்களையும் எடுக்கச் சொன்னார்கள், பறவைகள் வரும் என்பதால். விமான நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டர் வரை பறவைகளை ஈர்க்கும் இடங்களைக் கவனிக்கும் வழக்கம் உண்டு. நாங்கள் வேலிக்குப் பக்கத்திலேயே குளம் வெட்டப் பார்த்தோம். சூரியத் தகடுகளின் பளபளப்பு கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கண்ணில் படாது என்று ஆய்வு செய்து காட்டினோம். வெளிவிளக்குகள் எல்லாம் மேலே ஒளி சிந்தாத வகை.

பெரியது சுவர். சரக்குக் கட்டடத்தின் 180 மீட்டர் நீளத் தகரச் சுவர் ஓடுபாதைக்கு இணையாக நின்றது. தரையிறங்கும் விமானத்துக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் அலைகளை அப்படிப்பட்ட உலோகச் சுவர் பிரதிபலித்துத் திசைதிருப்பக்கூடும். கணினியில் ஒத்திகை பார்த்தபோது அளவு எல்லைக்கு வெளியே போனது. கட்டடத்தைத் திருப்பி, குறுகிய பக்கம் ஓடுபாதையை நோக்கும்படி வைத்தோம், ஒத்திகை தேறியது. முதலில் நொந்துகொண்டோம். ஆனால் திருப்பியதால் இரண்டு நீளப் பக்கங்களிலும் டாக் வைக்க முடிந்தது: ஒரு பக்கம் வெளியூர் லாரிகள் சரக்கு இறக்கும், மறுபக்கம் கட்டிய பேலட்டுகள் முனையத்துக்குக் கிளம்பும். பிற்பாடு வந்த வாடகைதாரர்கள் அதிகம் பாராட்டியது இந்த அமைப்பைத்தான்.

கட்டுமானத்தில் ஏழு வாரம்

அலுவலகக் கட்டடத்துக்கு 22 மீட்டர் உயரத்துக்கு அனுமதி வாங்கியிருந்தோம். கையில் சான்று இருந்ததால் எல்லாம் சரி என்று ஒப்பந்ததாரர் டவர் கிரேனை நிறுத்தினார். அதன் உச்சி 41 மீட்டர். அந்த இடத்தில் எல்லை 39.

கிரேன் எழுந்த இரண்டாம் நாள் காலையில் வேலை நிறுத்தப்பட்டது. கிரேனுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒப்பந்ததாரருக்குச் சொன்னோமா என்று கோப்பில் தேடினேன். கூட்டக் குறிப்பில் ஒரே ஒரு வரி, அதுவும் தேதியோ பொறுப்பாளர் பெயரோ இல்லாமல். இது எங்கள் பக்கத் தவறுதான். கிரேனைப் பிரித்து இறக்கி, தாழ்வான நகரும் கிரேன்களுக்கு மாறி, அவற்றுக்கும் நேர வரம்பும் சிவப்பு விளக்கும் பேசி அனுமதி வாங்க ஏழு வாரம் போனது. இரண்டு மீட்டருக்கு ஏழு வாரம்.

சாலையும் வாடகைதாரர்களும்

மூன்றாம் ஆண்டின் கடைசியில் சரக்குக் கட்டடம் முடிந்தது. இணைப்புச் சாலை முடியவில்லை. நடுவில் ஒரு எரிபொருள் குழாயை இடம் மாற்ற வேண்டியிருந்தது. ஐந்து மாதம் கட்டடம் காலியாக நின்றது. அந்த ஐந்து மாதமும் நாங்கள் குத்தகை கட்டவில்லை, அந்த ஒரு வரியால். வாடகைதாரர்களின் ஒப்பந்தங்களிலும் அதே நாளைத்தான் தொடக்க நாளாக வைத்திருந்தோம், அதனால் யாரும் எங்கள்மேல் வழக்குப் போடவும் இல்லை.

நான்காம் ஆண்டின் நடுவில் சாலை திறந்தது. டாக்கிலிருந்து சரக்கு வாசலுக்கு 6 நிமிடம். பழைய விளம்பரத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஒரு எண்ணை மட்டும் போட்டுப் புதிதாக அச்சிட்டோம். வாசலில் என்னிடம் கேள்வி கேட்ட மேலாளருக்கு முதல் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நிறுவனம் இரண்டு பகுதிகளை எடுத்தது: 9 ஆண்டுக் குத்தகை, முதல் 5 ஆண்டு லாக்-இன் (நடுவில் விலக முடியாத காலம்), உள்வேலைக்கு 4 மாதம் வாடகையில்லாக் காலம்.

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. எங்கள் மூலக் குத்தகையில் நிலத்தை ‘விமானச் சரக்கு சார்ந்த பணிகளுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தோம். இணைய வணிகப் பொட்டலங்களைப் பிரித்து அனுப்பும் ஒரு நிறுவனம் வந்தது. அதன் சரக்கில் ஒரு பகுதிதான் விமானத்தில் போகும், பெரும்பகுதி லாரியில். நடத்தும் நிறுவனம் மறுத்துவிட்டது. மூன்று மாதம் வாதாடியும் பயனில்லை. அந்த வாடகைதாரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். ‘சார்ந்த’ என்ற சொல்லுக்கு அளவு இல்லாததால் இழந்த வாடகை அது.

2020

ஐந்தாம் ஆண்டு பிறந்து மூன்று மாதத்தில் வானம் காலியானது. அந்த ஆண்டு உலக விமானப் பயணிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட சுமார் 60 சதவீதம் சரிந்தது. ஹோட்டல் திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விமானப் பணியாளர்களுக்காக ஒதுக்கிய அறைகள்கூடக் காலி.

சரக்குப் பக்கம் நேர்மாறு. சாதாரண காலத்தில் உலக விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி பயணிகள் விமானங்களின் வயிற்றில்தான் போகும். பயணிகள் விமானங்கள் நின்றதும் அந்த இடமும் போனது. மிச்சமிருந்த சரக்கு விமானங்களும் வாடகைக்கு அமர்த்திய விமானங்களும் நேரங்கெட்ட நேரத்தில் வந்து, நின்ற கொஞ்ச நேரத்துக்குள் ஏற்றச் சொல்லின. முன்கூட்டியே பேலட் கட்டி ஆறு நிமிடத்தில் கொண்டுபோகக்கூடியவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. அந்த ஆண்டின் கடைசிக்குள் சரக்குக் கட்டடத்தின் எல்லாப் பகுதிகளும் நிரம்பின. குளிர்பதன நிறுவனம் தன் அறைகளை இரட்டிப்பாக்கக் கேட்டது.

ஹோட்டலோடு என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஒப்பந்தப்படி விற்பனையில் ஒரு பங்கு, அது குறைந்தால் ஒரு குறைந்தபட்ச உறுதித்தொகை. உறுதித்தொகையைக் கேட்டு நெருக்கலாம், வாக்கியம் எங்கள் பக்கம். நெருக்கினால் அவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று நான் வாதிட்டேன். அடுத்த ஹோட்டல்காரர் அந்த ஆண்டில் எங்கிருந்து வருவார்? 14 மாதத்துக்கு உறுதித்தொகையைத் தள்ளிவைத்து, அதைப் பின்வரும் ஆண்டுகளில் பிரித்து வாங்க ஒத்துக்கொண்டோம். பதிலுக்கு அவர்கள் கணக்குப் புத்தகங்களை மாதாமாதம் எங்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். ஆறாம் ஆண்டில் அவர்கள் கட்டத் தொடங்கினார்கள். இந்த முடிவு சரியென்று இன்றும் நினைக்கிறேன்.

நான்கு மாடி அலுவலகம்தான் தேறவில்லை. கீழ்த்தளத்தில் இரண்டு சுங்க முகவர்கள், முதல் மாடியில் ஒரு விமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. மேல் இரண்டு மாடியும் நான் விலகும்வரை காலி. ரயில் இல்லாத இடத்துக்கு அலுவலக ஊழியர்கள் தினமும் வரத் தயாராக இல்லை.

மாற்றிச் செய்வதாக இருந்தால்

அலுவலகத்தைக் கட்டியிருக்க மாட்டேன். அந்த இடத்தில் இரண்டாவது சரக்குக் கட்டடம் வந்திருக்க வேண்டும். தலைவரின் பழைய படத்துக்கு ஒரு மரியாதை போலத்தான் அந்த நான்கு மாடி மிஞ்சியது, அதை அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

மின்சாரத்தைக் குறைவாகக் கணக்கிட்டோம். குளிர்பதன நிறுவனம் இரட்டிப்புக் கேட்டபோது எங்கள் துணைமின்நிலையத்தில் இடமில்லை. கூடுதல் இணைப்புக்கு 11 மாதம் காத்திருந்தார்கள். கட்டடத்தின் உயரம், தளத்தின் பலம் இவற்றையெல்லாம் முன்கூட்டி யோசித்தவர்கள் மின்கம்பியின் பருமனை யோசிக்கவில்லை.

பயன்பாட்டு ஷரத்தில் அளவு எழுதுவேன்: ஆண்டுச் சரக்கில் இத்தனை சதவீதமாவது விமானத்தில் போனால் போதும் என்று. கிரேன் அனுமதியைக் கட்டட அனுமதியோடு சேர்த்தே விண்ணப்பிப்பேன், கட்டுமான ஒப்பந்தத்தில் அதிகபட்ச கிரேன் உயரத்தை மீட்டரில் எழுதுவேன்.

சாலை நேரத்தை நிலம் பார்க்கப் போன முதல் நாளே ஓட்டிப் பார்ப்பேன். ஒரு லாரி வாடகை, ஒரு மாலை நேரம். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். பதினொரு மாதம் தவறான வரைபடத்தின்மேல் வேலை செய்தோம்.

அப்புறம் ஓட்டுநர்கள். ஒன்பது இரவுகள் வாசலில் நின்று அவர்கள் படும் பாட்டைப் பார்த்தவன் நான். இருந்தும் எங்கள் புதிய வரைபடத்தில் ஓட்டுநர்களுக்குக் கழிவறை இல்லை, உட்கார ஒரு நிழல் இல்லை. 40 டாக்குகளுக்கு இடம் கண்ட நாங்கள் இதை மறந்தோம். திறந்த மூன்றாவது மாதம், வெளியூர் லாரிகள் இறக்கும் பக்கத்தில் சுவரோரம் ஈரமாக இருப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 60 மீட்டர் பட்டையின் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் கழற்றி எடுக்கக்கூடிய இரும்புக் கூரையின்கீழ் பன்னிரண்டு கழிவறைகளும் நான்கு குளியலறைகளும் படுக்க ஒரு கூடமும் வைத்தோம். நான் விலகிய மாதம் அந்தப் பட்டையைத் திரும்பக் கேட்டு முதல் கடிதம் வந்திருந்தது. அந்தக் கூரையை எங்கே நகர்த்துவது என்ற வரைபடத்தைப் பதிலோடு இணைத்து அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன்.